ஐந்து கட்டம்

நேற்று மரகதம் அத்தை வார இதழின் குறுக்கெழுத்தில் எதையோ அழித்தாள். ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன்பு, நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. பாளையங்கோட்டையில் அத்தைக்கும் எதிர்வீட்டு டேனியல் சாருக்கும் சேர்த்து ஒரே இதழ்தான். பாதிக் கட்டங்களை அவர் நிரப்புவார், மீதியை அத்தை. கொண்டுபோய்க் கொடுப்பது நான். அதற்குமேல் பேச்சு வளர, பட்டைத் திருநீறு பூசிய எங்கள் தாத்தா விட்டிருக்க மாட்டார்.

ஒருநாள் ஒரு குறிப்பு: 'பாட்டை எண்ணுவதில் தவறி, காதலனைப் பறிகொடுத்த இளவரசி.' அந்த ஐந்து கட்டத்தில் அத்தை 'மரகதம்' என்று தன் பெயரையே எழுதியிருந்தாள். எனக்குக் கதை தெரியும். வாசலிலேயே நின்று அழித்துவிட்டு, 'அமராவதி' என்று திருத்தினேன்.

அதைப் பார்த்ததும் சாரின் முகம் வாடியது. "அப்போ நமக்கும் இதே கதிதானா?" என்று முணுமுணுத்தார். பிறகு தாளை வெளிச்சத்தில் சாய்த்தார். பழைய எழுத்தின் தடம் தெரிந்தது.

"ஏட்டி, இதை யாரு அழிச்சா?"

"நான்தான் சார். அத்தை தப்பா எழுதிட்டாவ."

"உங்க அத்தை எழுதினதுதாம்ட்டி சரி!"

மறுநாளே பெண் கேட்டு வந்துவிட்டார். தாத்தா ஒரு வருடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரும் குறுக்கெழுத்தில் சேர்ந்துகொண்டார்.

நேற்று நான் உதவ நினைத்துக் கை நீட்டினேன். உள்ளேயிருந்து டேனியல் மாமா சத்தம் போட்டார்: "மரகதம், அவ கையில மட்டும் ரப்பரைக் குடுத்துராத!"