காரம் போகாத கல்

எங்கள் ஊரில் கல் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், வெயில் தலைக்கேறிவிட்டது என்று நிழலில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். கம்பைநல்லூருக்குப் பக்கத்து ஊர். கொல்லையில் ஏர் பூட்டினால் முதலில் கிளம்புவது கல்தான்; ராகியெல்லாம் அதற்கப்புறம், அதற்கு மனசு வந்தால். அப்படிப்பட்ட ஊரில் என் சித்தப்பா ஒரு மார்கழி மாதம் முழுக்க உட்கார்ந்து கையால் கல் செய்தார்.

உலகச் சண்டைக் காலம் அது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். சித்தி கடலூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் சொந்தம்தான், அவள் அப்பா உப்பு வியாபாரத்துக்கென்று போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவளுடைய அண்ணன் ஒரு துரை பங்களாவில் வேலை பார்த்தார். துரை கப்பலேறிப் போகும்போது, கடல்தண்ணீர் ஊற்றி நண்டும் மீனும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சித்திக்கு அதன்மேல் உயிர். பொங்கலுக்கு வரும்போது அதை ரயிலில் கொண்டுவருவதாகவும், நாலு டின் கடல்தண்ணீரும் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளும் கூடவே வரும் என்றும் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்றே ஒன்றுதான் குறை. தொட்டிக்குள் இருந்த கடல்கல்லைத் துரை கையோடு எடுத்துப்போய்விட்டார்.

நானும் தம்பியும் ஆற்றுக்குப் போய் மடி நிறையக் கல் பொறுக்கி வந்தோம். சித்தி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இது வழவழன்னு இருக்கு கண்ணு. நண்டு ஏறுனா வழுக்கி விழும். உள்ள பூந்து ஒளிஞ்சுக்க ஓட்டை ஓட்டையா இருக்கணும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, ஓட்டைதானே, நானே செய்துவிடுகிறேன் என்றார். எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது சுண்ணாம்பு சுடுகிற காளவாய். சுண்ணாம்புக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை. ஏரிக்கரை நத்தை ஓடுகளை இடித்து, ஆற்று மணலும் சுண்ணாம்பும் கலந்து, வத்தல்மலைக் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டுப் பிசைந்தார். கடைசியில் கை நிறையக் கல்லுப்பு. ஈர மணலில் குழி பறித்து அதில் அமுக்கிவிட்டார். இறுகினபிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும், உப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும் என்பது அவர் கணக்கு.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊரே கல்லுல முட்டிக்கினு கிடக்குது. இவரு கல்லு செய்யறாராம்."

"அது மலைக்கல்லு அண்ணி. இது கடக்கல்லு."

"கட்டிக்கினு வந்தவ கடலக் கேக்கறா. நல்லவேளை, நெலாவக் கேக்கல."

முதல் கல் தண்ணீரில் போட்டதும் கூழாகிவிட்டது. இரண்டாவது நன்றாக இறுகியது. வெயிலில் காயவைத்துவிட்டு நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள், கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு வந்த மாடு உப்பு ருசியில் அதைப் பாதி நக்கித் தீர்த்திருந்தது. "மாட்டுக்குத் தீனின்னு சொல்லியிருந்தா நானே தவிடு போட்டுப் பெசஞ்சிருப்பேனே தம்பி" என்றாள் அம்மா.

என் அப்பா அதிகம் பேசமாட்டார். அவர் இருக்கும் பக்கம் சித்தி தலைகாட்டமாட்டாள். சித்தப்பாவும் தன் அண்ணன் முன்னால் பெண்டாட்டியின் பக்கம் திரும்பக்கூட மாட்டார். அப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. பகலெல்லாம் சித்தப்பா காளவாயில். இருட்டினதும் சாப்பிட்டுவிட்டு, போர்வையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே காவல் படுக்கப் போய்விடுவார். கல் செய்யத் தொடங்கியபின் பொழுது சாய்கிற நேரம் மட்டும் வீட்டுக்கு வந்துபோக அப்பா விட்டிருந்தார். அதுவும் ஒரு கண்டிப்போடு.

"மச்சான் பொங்கலுக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடு. கல்லு ஆன அன்னிக்கே இந்தச் சாயங்கால வேலையெல்லாம் நிறுத்திக்கணும். காளவாய்ல ஆள் போதல."

மூன்றாவது கல்தான் கல். தண்ணீரில் ஊற ஊற, ஆப்பம் சுட்டதுபோல் உடம்பெல்லாம் ஓட்டை விழுந்தது. என் சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போய் வந்தது. அதைப் புழக்கடையில் மாடு தண்ணீர் குடிக்கிற பழைய கல்தொட்டியில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினோம். சுண்ணாம்பின் காரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் நண்டு செத்துப்போகும் என்று சித்தி சொல்லியிருந்தாள். அதனால் தினமும் சாயங்காலம் அவள் வந்து, தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். சித்தப்பா பக்கத்தில் இன்னொரு மணையைப் போட்டுக் குந்தியிருப்பார். நானும் தம்பியும் கூடவே இருந்ததால் அவர்கள் பேசியது வீட்டில் பேச்சுக் கணக்கில் வரவில்லை.

"எப்படி இருக்குது?"

"இன்னும் காரம் போகலைங்க."

அதற்கப்புறம் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு எரிச்சலாக வரும். சித்தப்பா, கடல் தூங்குமா, மழை உங்கள் ஊரில் எந்தப் பக்கமிருந்து வரும் என்றெல்லாம் கேட்பார். சித்தி, களியை மெல்லாமல் எப்படித்தான் விழுங்குகிறீர்களோ என்று கேட்டுச் சிரிப்பாள். அவர் விழுங்கிக் காட்டுவார், வெறும் வாயை. அதற்கு இன்னொரு சிரிப்பு. வந்த வேலையை விட்டுவிட்டு இதென்ன என்று நான்தான் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் நானும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். "வெறும் தண்ணிதான் சித்தி. காரமே இல்ல."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா மாட்டைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாது கண்ணு. கடக்கரை நாக்குக்குத்தான் தெரியும்" என்றாள். கடற்கரை ஆட்களுக்கு நாக்கு வேறு மாதிரி போலிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் சித்தியின் அண்ணன் மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து வண்டி பிடித்து வந்து இறங்கினார். தொட்டி உடையாமல் வைக்கோலுக்குள் வந்திருந்தது. கடல்தண்ணீரை ஊற்றினோம். தெருவே வந்து பார்த்தது. ஆளுக்கொரு சங்கை முதுகில் தூக்கிக்கொண்டு நண்டுகள் அடியில் நடந்தன.

"எங்க, கல்லு?" என்றார் அண்ணன்.

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "இன்னும் காரம் இருக்குதாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு கண்ணு."

நான் சொன்னேன். சும்மா இல்லாமல், "எனக்குத் தெரியலப்பா, நீங்களே பாருங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அந்தக் கல்லைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட வேண்டும். அவ்வளவு அவசரம்.

அப்பா எழுந்து புழக்கடைக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம். சுண்ணாம்பில் பிறந்து வளர்ந்த நாக்கு அவருடையது. நாலு ஊர்க் கொத்தனார்களும் அவர் நாக்கை நம்பித்தான் சுண்ணாம்பு வாங்கிப் போவார்கள். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. கதவுப் பக்கம் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

அப்பா குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் ஒருமுறை தொட்டு வைத்தார். சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். தொட்டியோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்த இரண்டு மணைப் பலகைகளைப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, காரம் இருக்குது. இன்னும் ஒரு மாசம் ஊறட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். தோள் குலுங்கியது. சித்தியின் அண்ணன் ஒன்றும் புரியாமல் ஒரு கொட்டாங்குச்சியை ஓட்டை போட்டுத் தொட்டிக்குள் கவிழ்த்தார். நண்டுகள் அதில் ஏறி இறங்கி, உள்ளே நுழைந்து, சௌகரியமாகக் குடித்தனம் தொடங்கிவிட்டன.

எல்லாரும் போனபின் நான் மட்டும் கல்தொட்டியில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர். கிணற்றில் இருக்கிற அதே தண்ணீர்.

அப்பாவின் நாக்கு கெட்டுப்போயிற்று. கொத்தனார்களுக்குத் தெரிந்தால் எங்கள் சுண்ணாம்பை இனி யார் வாங்குவார்கள்? யாரிடமும் சொல்லாமல் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். எங்கப்பா நாக்கைச் சரிபண்ணிக் கொடு சாமி என்று, மூச்சு வாங்க வாங்கத் தோப்புக்கரணம் போட்டேன். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. புழக்கடையில் சித்தியின் சிரிப்பு கேட்டது. இவ்வளவு பெரிய ஆபத்து வந்திருக்கிறது, இவர்களுக்கு எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ என்று இருந்தது எனக்கு.