கம்பியைப் பிடிக்காதவர்

பக்கவாதம் வந்த என் கணவரைத் திருப்பூரிலிருந்து கோவைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அவரைப் பார்த்தேன். தனியார் பஸ் கண்டக்டர். நல்ல உயரம், முறுக்கிய மீசை. வாய் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. அவருக்கும் வலது கால் வரவில்லை.

அங்கே நடக்கவைக்கும் ரோபோ ஒன்று புதிதாக வந்திருந்தது. வார்களால் ஆளைத் தாங்கி, ஓடும் பெல்ட்டின் மேல் நிறுத்தி, இரும்புக் கால்களால் நம் கால்களை எடுத்து வைக்கும். பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த என் கணவர் அதைக் கண்டாலே நடுங்கினார். ஏறவே மாட்டேன் என்றார்.

கண்டக்டர் உற்சாகமாக ஏறிவிடுவார். ஆனால் பக்கக் கம்பியைப் பிடிக்கமாட்டார்.

"கம்பியைப் புடிச்சுக்கங்க" என்று பிசியோதெரபி பெண் தினமும் சொல்வாள்.

"ஓடற பஸ்ஸுலயே நான் புடிச்சதில்ல கண்ணு" என்பார்.

ஒருநாள் அவள் அவரிடம் சொல்லாமலே இயந்திரத்தின் விசையைக் குறைத்தாள். சற்று நடந்ததும் அவர் முகம் மாறியது.

"ஏங்கண்ணு, மெசின் இழுக்கறாப்பல இல்லியே?"

"பாதி நீங்களேதான் நடக்கறீங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கோணிய வாயோடு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. இறங்கியதும் என் கணவரிடம், "வாங்க, ஏறுங்க, எடம் இருக்குதுங்க" என்றார்.

என் கணவர் என் கையை விட்டார். "நான் ஏறுதேன்" என்றார், எங்கள் திருநெல்வேலிப் பேச்சில்.

அவர் நடந்த நேரமெல்லாம் கண்டக்டர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அந்த வலது கால், அவருக்கே தெரியாமல், என் கணவரின் ஒவ்வொரு அடிக்கும் தரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.