எட்டு மணி லிஸ்ட்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் அண்ணனுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. பதினெட்டு ரூம். கவுன்டரில் உட்காருவது நான். தினமும் ராத்திரி எட்டு மணிக்குள், அன்றைக்கு வந்தவர்களின் ஆதார் கார்டை போட்டோ எடுத்து, ரூம் நம்பரோடு போலீஸ் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். திருடனும் கடத்தல்காரனும் மாட்டுவான் என்றார்கள். நம்பினேன். ஒருநாள்கூட லிஸ்ட் தவறியதில்லை. அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள்கூடப் பார்த்ததுமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. கார்டில் வெதுருகுப்பம் பக்கம் ஏதோ ஊர். உள்ளூர்க் கார்டு, ஜோடிக்கு ரூம் கிடையாது என்று இரண்டு லாட்ஜில் விரட்டியிருக்கிறார்கள். மறுநாள் பதினோரு மணிக்குக் கல்யாணம், தாலி வாங்கியாகிவிட்டது என்றாள். இரண்டு ரூம் கேட்டாள், தனித்தனியாக.

"கவுன்டர்ல பொம்பள நீ இருக்கவேதான் உள்ள வந்தோம்க்கா. எங்க நைனாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. இந்த போட்டோ எங்க போவும்?"

"ஸ்டேஷனுக்கு மட்டும்தான்மா. போலீஸ்கிட்ட இருந்தா உனக்குத்தான் சேஃப்டி."

கடைசியில் சொன்னதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. அவளுடைய அப்பா, இரண்டு அண்ணன்மார், கூடவே ஒரு வயசான ஆள். அந்த ஆளை எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கும் அதே பக்கம்தான் ஊர். அவர் என்னிடம் ரூம் நம்பர் கேட்கவில்லை. தெரிந்தே வந்திருந்தார்.

"என்னம்மா, நல்லா கீறியா? உன் லிஸ்ட்டு மட்டும் எப்பவும் கரெக்டா வந்துடும்" என்றார் சிரித்துக்கொண்டே.

ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். எங்கள் லாட்ஜில் நூறு தடவை டீ குடித்த கான்ஸ்டபிள்தான் எடுத்தான். பெண் மேஜர், இழுத்துப்போகிறார்கள், உடனே வா என்றேன். குடும்ப விஷயம், நீ நடுவில் போகாதே என்று தெலுங்கில் புத்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பையனுக்கு மாடிப்படியிலேயே அடி விழுந்தது. தடுக்கப் போன என்னை ஒரு அண்ணன்காரன் கவுன்டரோடு சேர்த்துத் தள்ளினான். அந்தப் பெண் அழவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "ஸ்டேஷனுக்கு மட்டும்னு சொன்னியேக்கா" என்றாள். அவ்வளவுதான். கார் போய்விட்டது. அவள் என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் குரூப்பைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கும் மேல் நம்பர். ரிடையர் ஆனவர்கள், மாற்றலாகிப் போனவர்கள், லாட்ஜை விற்றுவிட்டுப் போனவர்கள், யாரென்றே தெரியாதவர்கள். ஒருவரையும் குரூப்பிலிருந்து எடுக்கவில்லை. ஊரார் கார்டெல்லாம் அத்தனை பேர் போனிலும் கிடக்கிறது. அந்த ஹெட் கான்ஸ்டபிள் பெரியவரை முதலில் எடுங்கள் என்று குரூப்பிலேயே எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் எடுத்தார்கள். அவரை அல்ல, என்னை.

அன்று நான் லிஸ்ட் அனுப்பவில்லை. மறுநாள் கான்ஸ்டபிள் வந்து லைசென்ஸைப் பற்றி அண்ணனிடம் பேசினான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னை மறுபடியும் குரூப்பில் சேர்த்தார்கள். பெரியவர் அங்கேயேதான் இருக்கிறார். தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் வைக்கிறார்.

நானும் எட்டு மணிக்கு லிஸ்ட் போடுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது, பிழைப்பு. ஆனால் கார்டை வாங்குவதற்கு முன்னால், "இந்த போட்டோ யார் யார் கைக்குப் போவும்னு எனக்குத் தெரியாது, யோசிச்சிக்கினு குடு" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கார்டை உள்ளே வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறாய் என்று அண்ணன் கத்துகிறான். கத்தட்டும்.