அண்ணாவும் விமானம் இறங்கும் வீதியும்

எங்கள் அண்ணா வடமராட்சியில், கரவெட்டியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசித் தங்கை. எங்களுக்கிடையே ஒன்பது வயது வித்தியாசம். அவரைப் பற்றி எழுதச் சொன்னது அண்ணாவின் மனைவி, என் மச்சாள். "நல்லதா நாலு வரி எழுதித் தா, காணும்" என்றார். நாலு வரியில் அடங்கவில்லை. நல்லதாக மட்டும் எழுதவும் எனக்கு வரவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு முடிந்ததும் அண்ணா வீதி வேலைகளைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தார். முதல் நியமனம் வன்னியில். போர்க்காலம். ஒரு நாள் மதகு வேலைக்காக வீதியைப் பீப்பாய்களால் மறித்திருந்தார்கள். காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்து நின்றது. அண்ணா யாரையும் கேட்காமல் பீப்பாய்களை உருட்டி ஒதுக்கி வழி விட்டார். மாலையில் ஆட்கள் வந்து, "ஆரைக் கேட்டு உருட்டினீர்?" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். எந்தத் தரப்பு என்று எழுதமாட்டேன். எழுதினால் இன்றைய சாப்பாட்டுப் பந்தியில் சண்டை வரும். அந்த மூன்று நாளும் அம்மா வாசலில் நின்றார். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த அண்ணா முன்பிருந்த அண்ணா இல்லை. அரசாங்கத்துக்குச் சொந்தமான எதையும் கையில் ஒரு கடிதம் இல்லாமல் தொடமாட்டார். எங்கள் வீட்டு வேலியை வெட்டுவதற்குக்கூடப் பக்கத்து வீட்டாரிடம் துண்டுக் கடிதம் எழுதி வாங்கினார். நாங்கள் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எங்களுக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

போருக்குத் தப்பிக் குடும்பமாகச் சிட்னிக்கு வந்த புதிதில் மெரிலேண்ட்ஸில் இரண்டு அறையில் ஆறு பேர் இருந்தோம். அண்ணா அலுவலகங்கள் துப்புரவாக்கினார். பிறகு தார் போடும் கூட்டத்தில் சேர்ந்தார். வெயிலில் நின்றபடியே பரீட்சைகள் எழுதி, மாநிலத்தின் மேற்கு எல்லைப் பக்கம் ஒரு கவுன்சிலில் வீதிப் பரிசோதகர் வேலை எடுத்தார். சிட்னியில், கிரவீனில், வீடு வாங்கிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே. போக ஒரு நாள், வர ஒரு நாள். "பெண்சாதி பிள்ளையை விட்டுட்டுப் போய் வனாந்தரத்தில் என்ன செய்யிறார்?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் அரை நாள் ஓட வேண்டும். இடையில் வைத்தியசாலை இல்லை. ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், வாகனம் புரண்டால், மருத்துவ விமானம் வரும். அது இறங்குவதற்கு நெடுஞ்சாலையிலேயே நேரான ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் தடித்த வெள்ளைப் பட்டைகள். பொலிஸ் இரு பக்கமும் வாகனங்களை மறிக்கும், விமானம் வீதியில் வந்து இறங்கும். இறக்கை வீதியை விட அகலமானது. அதனால் அந்தத் துண்டில் ஓரத்தில் மரம் வளரக் கூடாது, பலகை நிற்கக் கூடாது, கம்பம் நிற்கக் கூடாது. தார் வெடித்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை.

இந்த வேலை யாருடையது? கவுன்சிலைக் கேட்டால், நெடுஞ்சாலை மாநில வீதி அலுவலகத்துடையது என்பார்கள். வீதி அலுவலகத்தைக் கேட்டால், ஓரத்துப் புல்லும் மரமும் கவுன்சிலுடையது என்பார்கள். விமானக்காரரைக் கேட்டால், நாங்கள் இறங்குகிறவர்கள் மட்டும்தான் என்பார்கள். பரிசோதனைப் படிவத்தின் அடியில் 'பொறுப்பாளர்' என்று ஒரு இடம் இருக்கிறது. அண்ணா அங்கே போகும்வரை அந்த இடத்தில் யாரும் பெயர் எழுதியதில்லை. அண்ணா முதல் கிழமையே தன் பெயரை எழுதினார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் திட்டினேன்.

"ஆரும் எழுதாத இடத்தில நீங்கள் என்னத்துக்கு எழுதினனீங்கள்? நாளைக்கு ஏதும் நடந்தால் உங்களைத்தானே பிடிப்பினம்?"

"ஒருத்தரும் எழுதாட்டி ஆரைப் பிடிக்கிறது பிள்ளை?" என்றார். எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

ஒரு கோடைகாலத்தில் அண்ணா லீவு முடிந்து திரும்பிப் போனபோது அந்தத் துண்டின் இரு ஓரமும் புதிய இரும்புக் கம்பங்கள் நின்றன. வாகனங்கள் வீதியை விட்டு விலகாமல் இருப்பதற்கான, ஒளி தெறிக்கும் கம்பங்கள். நெடுஞ்சாலை முழுவதும் போடச் சொல்லி யாரோ உத்தரவு கொடுத்திருக்கிறார். ஒப்பந்தக்காரர் முழுவதும் போட்டுவிட்டார். இடையில் விமானம் இறங்கும் துண்டு இருக்கிறது, அதை விட்டுவிடு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

அண்ணா அன்றே வீதி அலுவலகத்துக்கு எழுதினார். கவுன்சிலுக்கு எழுதினார். இந்த இடத்தில் இப்போது இறங்க முடியாது என்று விமானக்காரருக்கும் அறிவித்தார். பிறகு கம்பங்களை அகற்ற அனுமதிக் கடிதம் வருமென்று காத்திருந்தார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார், கம்பத்தைப் பிடுங்குவதைத் தவிர.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போன் எடுத்தார். மச்சாளும் அவர்களுடைய மகளும் நானும் மேசையில் இருந்தோம். போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தோம்.

"கம்பம் கிளப்ப அலவாங்கு வாகனத்துக்க கிடக்கு. ஒரு நாள் வேலை. பிடுங்கட்டோ, விடட்டோ?" என்று கேட்டார்.

அவர்களுடைய மகள், என் மருமகள், இங்கே பிறந்தவள். "சும்மா இழுத்து எறியுங்கோ அப்பா. பிறகு சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லலாம்" என்றாள்.

"உனக்கென்ன தெரியும், வாயை மூடு" என்று அவளை அடக்கியது நான். "அண்ணா, கடிதம் வராமல் கை வைக்காதேங்கோ. அரசாங்கச் சாமான். இத்தனை நாள் பொறுத்தனீங்கள், இன்னும் ரெண்டு நாள் பொறுங்கோ" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

பதினோராம் நாள் பகலில், அந்தத் துண்டிலிருந்து மிகக் கிட்டிய தூரத்தில் ஒரு கார் மாட்டில் மோதிப் புரண்டது. அறுபது வயதுப் பெண் ஒருவர் உள்ளே அகப்பட்டார். அம்புலன்ஸ்காரர் வெளியே எடுத்துக் கட்டுப் போட்டார்கள். வாகனங்களை மறிக்கப் போன அண்ணா கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நிழலாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிளேன் வருகுதா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அண்ணா "வருகுது" என்றிருக்கிறார். விமானம் வந்தது. ஆனால் அங்கே இறங்க முடியாதென்று அண்ணாவே எழுதிக் கொடுத்திருந்ததால் தூரத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையின் மண் ஓடுபாதைக்குப் போயிற்று. அம்புலன்ஸ் அந்தப் பெண்ணைக் கரடுமுரடான பாதையில் ஏற்றிக்கொண்டு அங்கே போக வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது. கால் போய்விட்டது.

நேரத்துக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று எந்த வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை. அண்ணாவுக்கு அந்த உறுதி தேவைப்படவில்லை.

அம்புலன்ஸ் போனதும் அலவாங்கை எடுத்தார். அந்தத் துண்டில் நின்ற கம்பங்கள் அத்தனையையும் தனியாகப் பிடுங்கி, அடுக்கி, கயிற்றால் கட்டி வைத்தார். அனுமதியில்லாமல் பிடுங்கியதற்கு அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது மட்டும் நான்கே நாளில் வந்தது. அவர் கேட்ட அனுமதிக்கான பதில் அடுத்த மாதம் வந்தது. மற்ற அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளும்படி எழுதியிருந்தார்கள்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் நடைமுறையைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று முடித்தார்கள். ஒருவர் மேலும் பிழை இல்லை. "பொறுப்பாளர் நான், பிழை என்னுடையது" என்று அண்ணா எழுந்து சொன்னபோது, அதைப் பதிவில் சேர்க்கத் தேவையில்லை என்றார்களாம். பிழையை ஏற்றுக்கொள்ள ஒரு மனுசன் முன்னுக்கு வந்தால் அதைக்கூட எழுதத் தெரியாதவர்களை என்ன சொல்வது?

அதன் பிறகு அண்ணா யாருடைய கடிதத்துக்கும் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்தத் துண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பார். திரும்பி மற்ற ஓரத்தால் நடப்பார். மரக்கன்றைக் கண்டால் வெட்டுவார், பிறகு எழுதுவார். லீவில் கிரவீனுக்கு வந்தாலும் கதிரையில் இருப்புக் கொள்ளாது. மேய்ஸ் ஹில் கோயிலில் பூசை நடக்கும்போது வெளியே நின்று போனில் அந்தப் பக்கத்து மழை நிலவரம் பார்ப்பார். மச்சாளுக்கு அதில் எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். அவருடைய கோபம் நியாயமானது. மகளின் பட்டமளிப்பு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அண்ணா அதற்குப் போகவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு பிறந்தநாள் விழாவில் உறவினர் ஒருவர் எல்லாரும் கேட்க, "என்ன அத்தான், உங்கட றன்வேயில பிளேன் ஏதும் இறங்கினதோ, இல்லாட்டிக் காகம்தானோ?" என்று கேட்டார். சிரித்தார்கள்.

"ரெண்டு தரம் இறங்கினது" என்றார் அண்ணா. "ஒருக்கால் நெஞ்சடைச்ச ஒரு பண்ணைக்காரர். ஒருக்கால் மூச்சு முட்டின ஒரு பிள்ளை. ரெண்டு பேரும் சுகமா இருக்கினம். அந்த வடைத் தட்டை இஞ்சால தாரும்."

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஐந்து மாதம்தான் மிச்சமிருந்தது. கடைசி வேலைநாளிலும் நடந்துவிட்டுத்தான் வந்தார். வைத்தியசாலையில் நானும் அவரும் தனியாக இருந்த ஒரு பின்னேரம், இத்தனை வருடமாக வாயில் வராததைக் கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்குப் பொறுக்கச் சொன்னது நான்தானே."

"நீ சொன்னதுக்காக நான் நிக்கேல்லை பிள்ளை. நான் பயத்தில நிண்டனான். உன்னைக் கேட்டது, நீயும் பயப்பிடுவாய் எண்டு தெரிஞ்சுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதை விடு. என்ர இடத்துக்கு ஆர் வந்திருக்கினம்? கேட்டனியே?"

கேட்கிறேன் என்றேன். நான் கேட்டு முடிக்க முன்னர் அவர் போய்விட்டார்.

அண்ணாவின் கடைசி நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், முறை வைத்து வைத்தியசாலையில் இருந்த மருமக்களுக்கும், இறுதிக் கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், வனாந்தரத்திலிருந்து ஒரு நாள் முழுவதும் ஓடி வந்து பின்வரிசையில் நின்ற, அங்கே அவரோடு வேலை செய்த தார்க் கூட்டத்து ஆட்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. இரண்டு அலுவலகங்களும் மலர்வளையம் அனுப்பின. அவர்களுக்கும் நன்றி எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். எழுதமாட்டேன்.

அண்ணா வேலை செய்த கவுன்சில் பிரிவுக்கு நான் இந்த ஒரு வருடமாகப் போன் எடுக்கிறேன். நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். தங்கை என்கிறேன். குறித்து வைக்கிறோம் என்கிறார்கள். வெற்றிடம் இன்னும் நிரப்பப்படவில்லை. போன மாதம் தார்க் கூட்டத்து ஆள் ஒருவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். தெற்கு ஓரத்தில் மரக்கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டனவாம்.

இந்த மண்டபத்தில் எஞ்சினியர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கவுன்சில்களில், வீதி அலுவலகங்களில், மேசைகளில் இருக்கிறீர்கள். அண்ணாவின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம் என்று என்னிடம் வந்து கைபிடித்துச் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அந்தப் பரிசோதனைப் படிவத்தைத் தேடி எடுங்கள். பொறுப்பாளர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அதில் ஒரு ஆளின் பெயரை எழுத வையுங்கள்.

குடும்பத்தினர் சார்பில்,
தங்கை