முகுரியா கூப்பிடாத பெயர்

முகுரியாவை நல்லவன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் காறித் துப்புவார்கள். கெட்டவன் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசும். அவன் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்னுடையது. அவனுடைய மூன்றாவது பிள்ளையைக் கையில் ஏந்தியவளும் நான்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், துப்புகிறவர்கள் பிறகு துப்பட்டும்.

தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தது அண்ணன் கதோகோ. கலியாணத்துக்குப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய ஆடுகளைக்கூட அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு போனார். அண்ணி வருகுருவுக்குப் பிள்ளையில்லை. அவரைக்கொட்டையும் சோளமும் வேகவைத்து முகுரியாவுக்குப் போடும்போதெல்லாம் "வயிறாடா இது, வண்டியா?" என்பாள். அவன் வெட்கமில்லாமல் இன்னோர் அகப்பை கேட்பான்.

பிறகு எங்கள் நாட்டை ஆண்ட வெள்ளைக்காரன் எமர்ஜென்சி என்று சட்டம் போட்டான். வெள்ளைக்காரன் எங்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டு, அகழிக்கும் முள்வேலிக்கும் நடுவில் எல்லாரையும் ஒரே இடத்தில் அடைத்தான். அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போட்ட பையன்களுக்குச் சோளமாவு கொடுக்காத வீடு எங்களில் ஏது? அதற்குத்தான் அந்தத் தண்டனை.

ஒரு நாள் காலையில் எல்லாரையும் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். துரைக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஓர் ஆள். தலையிலிருந்து கால்வரை கோணிச்சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆமென்று தலையசைத்தால் லாரியில் ஏற்றுவார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். என் முறை வந்தபோது பயத்தில் நின்ற இடத்திலேயே ஈரமாகிவிட்டேன், இதில் என்ன வெட்கம். சாக்கு என்னைப் பார்த்து இல்லை என்றது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இல்லை, இல்லை என்றே ஆடியது. துரைக்கு முகம் சிவந்தது. குனிந்து சாக்கின் காதில் ஏதோ சொன்னான். அடுத்து வந்து நின்றவர் கதோகோ. சாக்கு வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, ஆம் என்றது.

துரை என்ன சொன்னான் என்பதைப் பிற்பாடு முகுரியாவின் மனைவி வாச்செரா என்னிடம் சொன்னாள். அன்று விடியலிலேயே அவளைக் கொட்டடியில் அடைத்துவிட்டார்கள், நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்திய வயிறு. அடுத்த ஆளுக்கும் இல்லையென்றால் அவளும் பிள்ளையும் அங்கேயே சாவார்கள் என்றானாம். சாக்கு ஆம் என்ற பிறகுதான் அவளை வெளியே விட்டார்கள்.

கதோகோ திரும்பி வரவில்லை. அடித்துக் கொன்றுவிட்டுக் காய்ச்சல் என்றார்கள். உடலையும் தரவில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை, அன்று வரிசையில் நிற்காத ஆண்பிள்ளை முகுரியா ஒருவன்தான். வருகுரு அவனை ஒரு வார்த்தை வையவில்லை. பாவி, வைதிருந்தாலாவது அவன் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான்.

சில வாரத்தில் வாச்செராவுக்கு மூன்றாவதும் ஆண்பிள்ளையாகப் பிறந்தது. ஆண்பிள்ளைக்கு உண்டான வழக்கப்படி ஐந்து முறை குலவையிட்டோம். எங்களில் முதல் இரண்டு பையன்களுக்குத் தாத்தாக்களின் பெயர், மூன்றாவது பையனுக்குத் தகப்பனுடைய அண்ணன் பெயர். பெயர் வைத்தால்தான் செத்தவர் வீடு திரும்புவார். முகுரியா வாசலில் நின்றபடி வேறு பெயர் வைக்கலாம் என்றான். குலவை கேட்டு வந்த வருகுரு அவனுக்கு நேர் எதிரில் போய் நின்றாள்.

"என் புருஷனுக்குக் குழியும் இல்ல, பிள்ளையும் இல்ல. இந்தப் பேரு ஒண்ணுதான் பாக்கி. அதையும் இல்லேங்கிறியா?"

"அந்தப் பேரை நான் எந்த வாயால கூப்பிடுவேன் அண்ணி?"

"நீ கூப்பிட வேணாம். நான் கூப்பிட்டுக்கிறேன். அன்னிக்கு ஆட்டினியே தலையை, இப்பவும் ஆட்டு. அது போதும்."

அவன் தலையசைத்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

பையன் வளர்ந்தான். வருகுரு தினமும் வந்து வாச்செராவிடம், "என் புருஷன் எங்கடி?" என்பாள். அந்த வாண்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கிழங்கு சுட்டியா பொண்டாட்டி?" என்று அதட்டும். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். முகுரியா மட்டும் எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்விடுவான். பையனை அவன் அழைப்பதெல்லாம் 'ஏய்', 'இங்க வா'தான்.

ஒருநாள் முற்றத்தில் நானும் வருகுருவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். முகுரியா முதுகைக் காட்டி வேலி கட்டிக்கொண்டிருந்தான். பையன் வருகுருவிடம், "அப்பா ஏன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்ல?" என்று கேட்டான். எனக்குக் கை நின்றுவிட்டது. சொல்வதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவளோ உரித்ததை நிறுத்தாமலே, "அண்ணன் பேரைத் தம்பி சொல்லலாமாடா? அவ்வளவு மரியாதை உங்கப்பாவுக்கு" என்றாள்.

வேலிக்குச்சியைப் போட்டுவிட்டு முகுரியா என் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தான். "உண்மையைச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்" என்றான். அண்ணன் செத்ததற்கு அவன் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். எனக்கும் தாங்கவில்லை.

சத்தம் கேட்டுப் பையன் ஓடி வந்தான். "என்னாச்சுப்பா?"

முகுரியா வாயைத் திறந்தான். கதோகோ என்று சொல்ல அவனால் முடியவில்லை. கையை மட்டும் நீட்டினான்.