ஒலி முகம்மது மெருகிடாத சுவர்

சிங்கப்பூரில் குளிரே கிடையாது என்று ஊரார் பரப்பிவந்த வதந்தியை 1908ஆம் ஆண்டிலேயே மறுத்தவர் துரைமார் அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த பேரின்பநாயகம். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கப்பல் தலைவன் ஒருவனுடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, விறகு எரிக்கும் இரும்புக் கணப்படுப்பு ஒன்றை எடுத்துவந்தார். அதை வைப்பதற்காகவே, சிராங்கூன் சாலையில் தாம் கட்டிவந்த வீட்டின் கூடத்தில் செங்கல் மாடமும் புகைபோக்கியும் எழுப்பினார். இதில் என்ன சமைப்பது என்று மனைவி கமலாம்பிகை கேட்டார். இதில் சமைப்பதில்லை, துரைமார் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வார்கள் என்று விளக்கம் வந்தது. அம்மையார் விசிறிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அந்த மாடத்தின் உட்புறத்தைப் பூச வந்தவர்தான் நம் நாயகர், நாகூர்க் கொத்தனார் ஒலி முகம்மது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து அவர் மெருகிட்ட சுவரில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம். முதலில் முறுக்குபவர் அவரே. அடக்கம் என்ற குறையை அவரிடம் எவரும் கண்டதில்லை. தம் பூச்சு வெடித்தால் கொத்துக்கரண்டியைக் கடலில் எறிந்துவிடுவதாகத் தேக்கா வட்டாரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

மாடத்துக்கும் அதே பூச்சுதான். கண்ணாடிபோல் மின்னியது. எறும்புகள்கூட வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போயின. அலுவலகத்துத் துரை விருந்துக்கு வருவதற்கு முந்தின வாரம், சோதித்துப் பார்க்கத் தீ மூட்டினார்கள். முதலில் பாகு காய்ச்சும் வாசம் வந்தது. பிறகு முட்டை கருகும் நாற்றம். பிறகு பூச்சு படபடவென்று வெடித்து நெருப்பில் விழுந்தது.

"இது பூச்சோ, பணியாரமோ, காணும்?" என்றார் கிராணியார்.

செய்தி ஒலி முகம்மதுக்கு முன்பே தேக்காவை அடைந்துவிட்டது. வெற்றிலைக் கடை ஜமால் முகம்மது அண்ணன் முறை வைத்துக் கனிவோடு விசாரித்தார்: "நானா, கடலுக்குப் போக சம்பான் படகு பிடிச்சுத் தரவா, லா?"

ஒலி முகம்மது வீட்டுக்கு வந்து, சோற்றைத் தொடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். களிமண்ணும் செங்கல் தூளும் உமியும் குழைத்து, மெருகில்லாமல், கல்யாணமான புதிதில் அவரே அவசரத்துக்குப் பூசியது. அதைத் தம் வேலை என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டுக்கணக்கில் தீயில் வெந்தும் ஒரு கீறல் விடவில்லை.

"அதுவும் நீங்க பூசுனதுதானே, மச்சான்," என்றார் மனைவி ஆமினா பீவி. "ஏன் ஊரான் வீட்டுப் புள்ளய பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

மறுநாள் மாடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த அடுப்புக் கலவையையே பூசினார். ஈரம் மெல்ல உலர, நாளும் கொஞ்சம் தேங்காய் மட்டையை எரித்துப் பதப்படுத்தினார். இதெல்லாம் எளிது. மெருகிடாமல் இருப்பதுதான் கடினம். கை தானாக மடியிலிருந்த கூழாங்கல்லுக்குப் போயிற்று. கடைசியில் அதைக் கமலாம்பிகையிடம் கொடுத்துவிட்டார்.

"ஒளிச்சு வையிங்கம்மா. நானே கேட்டாலும் தராதீங்க."

அம்மையார் அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தார். பிறகு ஒலி முகம்மதே கேட்டார், கெஞ்சியும் கேட்டார். கிடைக்கவில்லை. வாளைக் கீழே வைத்த வீரர்களுக்குப் புகழ்மாலை நிறையவே உண்டு. கூழாங்கல்லைக் கீழே வைத்தவருக்கு இந்தச் சில வரிகள்தான்.

விருந்தன்று கணப்படுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. துரை முதலில் கோட்டைக் கழற்றினார், பிறகு கழுத்துப்பட்டையை. சூப்பு வருவதற்குள் தட்டோடு வராந்தாவுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கிராணியார் எல்லாருக்கும் விசிறினார். மாடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்தில் குளிர்காய்ந்தவர் ஒருவரே. பூச்சுக்கு ஏதும் ஆனால் கவனிக்க அடுக்களையில் இருக்கும்படி கிராணியார் சொல்லிவைத்திருந்த ஒலி முகம்மது, நெருப்பின் முன் குந்தி, வியர்வையில் நனைந்தபடி, கடைசிக் கட்டை சாம்பலாகும்வரை பூச்சை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கமலாம்பிகை தண்ணீரும் கல்லுமாக வந்தார்.

"இந்தாரும், உம்மட கல்லு. வெடிச்சுதோ?"

"இல்லம்மா."

கல்லை மடியில் செருகிக்கொண்டு, அந்தச் சொரசொரத்த சுவரைப் பார்த்தார். அதில் முகம் தெரியவில்லை. இருந்தாலும் மீசையை முறுக்கிக்கொண்டார்.