ஏழாம் நம்பர் டீ-ஷர்ட்

வாரம் முழுக்கப் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் தைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்றால் மகள் விடவில்லை. அவளைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் ஓடுவதைப் போனில் படம் பிடித்தால், யாருக்குத் திறமை இருக்கிறதென்று ஏஐ சொல்லிவிடுமாம். விளையாட்டு டீச்சர் ஓட்டம் முடியும் கோட்டருகே போனை நிறுத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஓடினார்கள். முதலில் ஓடியவள் என் மகள், பறந்தாள்.

எல்லோரும் போட்டிருந்தது எங்கள் கம்பெனி டீ-ஷர்ட். கலர் மாறிப்போய் எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன லாட். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு வேறெதை வாங்குவோம்? அத்தனை நெஞ்சிலும் அதே ஏழாம் நம்பர்.

டீச்சர் போனைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “ஏனுங்க, இது நம்பரை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்குதுங்க. எல்லாரையும் ஒரே பிள்ளைன்னு நெனச்சுக்கிச்சு.”

“என்னங்க சொல்லுது?”

அவர் வாசித்தார்: “ஏழாம் நம்பர் விடாமல் திரும்பத் திரும்ப ஓடியதால் வேகம் குறைந்துவிட்டது. ஓய்வு கொடுக்கவும்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அந்த டீ-ஷர்ட்டைத் தைத்தவள் நான். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தரும் சொல்லாததை, அந்தப் போன் டீ-ஷர்ட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டது.